வருசப் போஸ்டருக்கு நாலு வரி

வெள்ளூரணி பஸ் ஸ்டாண்டுல மேற்கால ஒரு சுவர் உண்டு, அந்தச் சுவர்ல ஏறினாத்தான் ஒருத்தர் செத்ததா அர்த்தம், டாக்டர் சொன்னாலும் செல்லாது, வி.ஏ.ஓ. எழுதிக் குடுத்தாலும் செல்லாது, கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் ஒட்டி, பசை காயறதுக்குள்ள பஸ்ஸுல போற சனம் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து "அடப் பாவமே"ன்னு ஒரு சொல்லு சொல்லணும், அப்பத்தான் போன உசுரு முழுசாப் போகும். ஒருக்க பால்காரர் சங்கரலிங்கத்துக்கு அவரு பேரன்மாரு பிறந்தநாள் போஸ்டர் அடிக்கப் போயி, தலைப்பு மாறி கண்ணீர் அஞ்சலின்னு விழுந்து, பாக்காம ஒட்டியும் போட்டாங்க. அந்த மனுசன் சுவரைப் படிச்சிட்டு வீட்டுக்குப் போகாம கோயில் மடத்துலயே படுத்துக் கிடந்தாரு, செத்தவன் எந்த முகத்தோட போயி சோறு கேக்கறதுன்னு. திருத்தின போஸ்டர் ஒட்டினதுக்கப்புறம்தான் எந்திரிச்சு வந்து பாலைக் கறந்தாரு. அந்த மாதிரி ஊரு அது. அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேக்கணும்.

அந்தப் போஸ்டரெல்லாம் அடிக்கிறது ராஜகனி பிரஸ்ஸு, அங்க பேப்பர் வெட்டுற வேலை பாத்தவதான் குருவம்மா. வேலைதான் பேப்பர் வெட்டுறது, வார்த்தை பூராவும் அவகிட்டதான். அழுது தொண்டை கட்டி வர்றவங்களுக்கு என்ன எழுதணும்னு வாய் வராது, முதலாளி ராஜகனி உள்ள திரும்பி, "குருவக்கா, நாலு வரி சொல்லுங்க"ம்பாரு. அவ மிஷினை நிறுத்தாமயே, "பண்பின் இருப்பிடமே, பாசத்தின் ஊற்றே, குடும்பத்தின் குலவிளக்கே, எங்களை விட்டு எங்கு சென்றாய்"னு சொல்லிருவா. ஆம்பளைன்னா குலவிளக்கை எடுத்துட்டு ஆலமரத்தைப் போடுவா. கந்துவட்டிக்கு விட்டவன், பொண்டாட்டியை மிதிச்சவன், அண்ணன் தம்பி நிலத்தை அமுக்கினவன், அந்தச் சுவர்ல ஏறிட்டா எல்லாரும் பண்பின் இருப்பிடம்தான்.

குருவம்மாவுக்கு ஒரே பிள்ளை, செண்பகம். புருசன் பொள்ளாச்சிப் பக்கம் தேங்கா லோடு ஏத்தப் போனவன் அங்கயே தங்கிட்டான், அது தனிக் கதை, அதுல சொல்ல ஒண்ணுமில்ல, அவன் போனப்ப வீட்ல சத்தம் குறைஞ்சது, அவ்வளவுதான். செண்பகம் ஐ.டி.ஐ. முடிச்சு, ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சு, ஜவுளிக்கடையில இலவசமாக் குடுத்த மெரூன் கலர் ஜிப் பையில துணிமணியெல்லாம் அடுக்கி வச்சு, இந்தா பயணம்னு இருந்தவளுக்கு மழைக்காலத்துக் காய்ச்சல் கண்டுச்சு. ஒரு வாரம்கூடத் தாங்கல. பையைக் குருவம்மா பரண்ல ஏத்தினா, ஏத்தினதோட சரி, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் அண்ணாந்து பாக்கல.

போஸ்டர் அடிக்கையில ராஜகனி வழக்கம்போல உள்ள திரும்பி, "குருவக்கா" வரைக்கும் சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. ஆனா அவ வாய் பழக்கத்துல நாலு வரியையும் சொல்லி முடிச்சிருச்சு. படம் பள்ளிக்கூடத்து அடையாள அட்டையில இருந்தது, போட்டோக்காரன் பல்லு தெரியச் சிரின்னு அதட்டி எடுத்த படம். செண்பகம் சுவர்ல ஏறினா. பஸ்ஸுல போன சனம் சொல்லவேண்டியதைச் சொல்லுச்சு.

வருசம் திரும்பப் போற நேரம், ராஜகனி வந்து, "அக்கா, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என் செலவு, நீங்க நாலு வரி மட்டும் சொல்லுங்க, புதுசா"ன்னாரு. குருவம்மா வாயைத் திறந்தா. பண்பின் இருப்பிடமேன்னு வந்துச்சு. மூடிக்கிட்டா. மறுபடி திறந்தா, பாசத்தின் ஊற்றேன்னு வந்துச்சு. அன்னைக்குப் பூராவும் பேப்பரை வெட்டிக்கிட்டே யோசிச்சுப் பாக்கா, ஊரெல்லாம் வாங்கிட்டுப் போன அந்த நாலு வரியைத் தவிர தன் பிள்ளைக்குன்னு அவகிட்ட ஒரு சொல்லு இல்ல. காய்ச்சல்ல போன பிள்ளை, இந்த நாலு வரியில இன்னொருக்க போகுதேன்னு அவ மிஷினை நிறுத்தினா.

கிளை நூலகத்துல ஞாயித்துக்கிழமை கதை எழுதச் சொல்லித் தர்றதா ஒரு நோட்டீசு அவ வெட்டினதுதான். அந்த நூலகம் முந்தி மாட்டாஸ்பத்திரியா இருந்தது, இப்பவும் சில பேரு பழக்கத்துல சினைமாட்டை ஓட்டிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க, நூலகர் டெய்சி பொறுமையாப் புது ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பும். டெய்சிக்குக் கல்யாணம் ஆகல, ரெண்டு கதை பத்திரிகையில வந்திருக்கு, எந்நேரமும் மூக்கடைப்பு. அதுகிட்டக் கதை படிக்க வந்தது ஒரே ஒரு ஆளு, ரிட்டயர்டு கண்டக்டர் சுப்பையா. அவரு எழுதுற கதையில எல்லாம் ஒருத்தன் சில்லறை இல்லம்பான், இன்னொருத்தன் இறங்குடாம்பான், அதோட முடிஞ்சிரும். பாரா முடிஞ்சா "ரைட்"டும்பாரு, கதை முடிஞ்சா "ஹோல்டான்"னு சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழத்துவாரு.

குருவம்மா போயி நின்னா. "டீச்சர், எனக்கு நாலு வரி வேணும்."

"என்ன வரிக்கா?"

"என் மக வருசப் போஸ்டருக்கு."

டெய்சி மூக்கைத் துடைச்சிக்கிட்டே அவளைப் பாத்துச்சு. "வரி தனியாக் கிடைக்காதுக்கா. ஒரு பக்கம் எழுதினா நாலு தேறும். உங்க மகளைப் பத்தி ஒரு கதையா எழுதிப் பாருங்க."

"நான் இருவது பக்கம் எழுதியும் ஒரு வரி தேறல தாயி," சுப்பையா சொன்னாரு. "நீங்க தைரியமா உக்காருங்க."

குருவம்மா பிரஸ்ஸுல வெட்டி விழுற ஓரத்துண்டு பேப்பரை அள்ளிட்டு வந்து, அடுப்படியில உக்காந்து எழுதினா. ஒரு ஊரில் செண்பகம் என்றொரு நல்ல பெண் இருந்தாள், அவள் பண்பின் இருப்பிடமாகவும் பாசத்தின் ஊற்றாகவும் விளங்கினாள், எப்போதும் சிரித்த முகத்துடன் தாயை வணங்கி வீட்டிலேயே வாழ்ந்து வந்தாள், அப்படின்னு. அம்புட்டுதான் கதை. மறுநாள் சாயங்காலம் தண்ணி வர்ற நேரம், குழாயடியில கொடம் வரிசையில இருக்கு, செண்பகம் தெருவுல நடந்து வந்து, வாசல்ல நின்னு, கையைக் கும்பிட்டுக்கிட்டு, "தாயே, நலமாக இருக்கிறீர்களா"ன்னு கேட்டா.

குருவம்மா கொடத்தைக் கீழ வச்சா. குழாயை மூடினா, பின்னால நின்னவளுக்கு வழி விடணும்ல. அப்புறம் மகளைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, தலையைத் தடவி, கழுத்தைத் தடவி, காய்ச்சல் இருக்கான்னு பாத்தா. இல்ல. அப்பத்தான் அழுதா. அவ அழுகிறதைச் செண்பகம் சிரிச்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தா.

ஊரு அதை எப்படி எடுத்துக்கிட்டுதுன்னா, முதல்ல எல்லாரும் சாப்பாடு கொண்டு வந்தாங்க, செத்த வீட்டுக்குக் கொண்டு வந்த அதே பாத்திரத்துல. ரேஷன் கடைக்காரன், போன வருசம் பேரைக் கழிச்சதே நான்தான், இப்பச் சேக்கணும்னா விரலை வைக்கச் சொல்லுங்கன்னான், செண்பகம் விரலை மிஷின்ல வச்சா, ரேகையே விழல. குருவம்மா விரல் ரேகையை எழுதியிருந்தாத்தான விழும். ராஜகனிக்கு மட்டும் ஒரு குழப்பம், "அப்ப வருசப் போஸ்டர் வேணுமா வேண்டாமா, பேப்பர் வாங்கிட்டேனே." சுவர்ல இருந்த பழைய போஸ்டரைக் கிழிக்கிறதா வேண்டாமான்னு பஸ் ஸ்டாண்டுல ஒரு பஞ்சாயத்து நடந்து, பாதி கிழிச்சா போதும்னு முடிவாச்சு, பேரையும் அஞ்சலியையும் கிழிச்சு, படத்தை மட்டும் விட்டுட்டாங்க.

பக்கத்து வீட்டு மாரிக்கனிதான் முதல்ல வாயைத் திறந்தவ. "மதினி, பிள்ளை ஏன் எப்பப் பாத்தாலும் நேராவே நிக்கா? திரும்பவே மாட்டேங்கா? போஸ்டர் மாதிரியே இருக்காளே."

"வந்த களைப்பு," குருவம்மா சொன்னா.

"எங்க இருந்து வந்த களைப்பு?" மாரிக்கனி கேட்டுட்டு, அதுக்கு மேல கேக்கக் கூடாதுன்னு அவளே போயிட்டா.

ஆனா குருவம்மாவுக்குத் தெரியும். முதுகை அவ எழுதல. சடையை எழுதல. பசியை எழுதல, அதனால பிள்ளை சோத்துத் தட்டைச் சிரிச்சுக்கிட்டே பாத்துட்டு வச்சிருவா. சூடான தோசைச்சட்டியில கை பட்டப்பக்கூடச் சிரிச்சா. பெத்தவளைத் தாயேன்னா. உயிரோட இருந்தப்ப அவ "யம்மா"ம்பா, கோவம் வந்தா "ஏ குருவம்மா"ன்னு பேரைச் சொல்லியே கூப்பிடுவா.

அடுத்த ஞாயித்துக்கிழமை குருவம்மா ஓடினா நூலகத்துக்கு. துண்டுப் பேப்பரை டெய்சி வாங்கிப் படிச்சிட்டு, ஒரு பேனாவை எடுத்து நல்லங்கிற சொல்லை அடிச்சுது, பண்பை அடிச்சுது, பாசத்தை அடிச்சுது. எல்லாம் அடிச்ச பிறகு பேரு மட்டும் மிஞ்சி இருந்துச்சு.

"நல்ல பொண்ணுன்னு நீங்க சொல்லாதீங்கக்கா. அவ என்ன செஞ்சாள்னு சொல்லுங்க. நல்லவளா கெட்டவளான்னு படிக்கிறவங்க பாத்துக்கிடட்டும். அவ எப்படிச் சாப்பிடுவா?"

"எப்படின்னா?"

"சோத்தை எப்படிப் பிசைவா. எதை ஒதுக்கி வைப்பா."

குருவம்மா யோசிச்சா. "ரசத்துல கெடக்கிற தக்காளியை எடுத்து என் தட்டுல போடுவா. எனக்கும் பிடிக்காதுன்னு தெரிஞ்சே போடுவா. போட்டுட்டு, எங்க நான் பாக்கேனான்னு ஓரக்கண்ணால பாப்பா."

"அதை எழுதுங்க," டெய்சி சொல்லுச்சு.

சுப்பையா, "இது வரி," ன்னாரு. "என் கதையில ஒருத்தனும் சோறே திங்கல இத்தனை நாளா."

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல செண்பகம் ரசத்துல கெடந்த தக்காளியை எடுத்து அம்மா தட்டுல போட்டா. ஓரக்கண்ணால பாத்தா. குருவம்மா அந்தத் தக்காளியைத் தின்னா. பிறந்ததுல இருந்து பிடிக்காத தக்காளி, அன்னைக்குத் தின்னா.

அதுக்கப்புறம் குருவம்மாவைப் பிடிக்க முடியல. பிரஸ்ஸுல மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும், சோத்து நேரத்துல துண்டுப் பேப்பரை எடுத்து எழுதுவா, எழுதிட்டு அவளே சிரிப்பா, ராஜகனி என்னக்காம்பாரு, ஒண்ணுமில்ல முதலாளிம்பா. செண்பகம் தலை சீவினா சீப்புல முடியை எடுக்காம அப்படியே வச்சிருவான்னு எழுதினா, மகளுக்கு முடி வந்துச்சு, சடை வந்துச்சு, முதுகு வந்துச்சு, சீப்புல முடியும் வந்துச்சு. கொலுசு ஒரு காலுல அறுந்து போனதைக் கட்டாம மாசக்கணக்கா ஒத்தைக் கொலுசோட திரிஞ்சான்னு எழுதினா, மறுநாள் காலையில அடுப்படிக்கும் வாசலுக்கும் ஒரு காலு மட்டும் சத்தம் போட்டு நடந்துச்சு. ஒரு வரி சரியா விழுந்துட்டா குழம்புல உப்பு சரியா விழுந்த மாதிரி நாக்குலயே தெரிஞ்சுது அவளுக்கு. தெரியாத வரியை நாலு தரம் அடிச்சு எழுதினா. அடிக்கிறதும் ஒரு சொகம்னு கண்டுபிடிச்சா. வாழ்நாள் பூராவும் மத்தவங்க பேப்பரை ஓரம் வெட்டினவ, தன் பேப்பரைத் தானே வெட்டிக்கிட்டா. ஒரு நாள் வரியை முணுமுணுத்துக்கிட்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து வர்றா, முகமெல்லாம் சிரிப்பு, சுவர்ல பாதி கிழிஞ்ச படத்துல மகளும் சிரிக்கா, பாத்ததும் குருவம்மா சிரிப்பைச் சுருக்கிக்கிட்டா. பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்கு இம்புட்டுச் சந்தோசம் எங்க இருந்து வருது, இது என்ன மாதிரி சந்தோசம்னு கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், வரி மறந்து போயிரும்னு வேகமா வீட்டுக்கு நடந்தா.

இதைப் பாத்துட்டு ஊர்ல எல்லாருக்கும் ஆசை வந்துச்சு. ஞாயித்துக்கிழமை நூலகத்துல உக்கார இடமில்ல. அம்மாவை எழுத வந்தவங்க, புருசனை எழுத வந்தவங்க, செத்த தம்பி பங்கு நிலத்துல ஒரு கையெழுத்து பாக்கியிருக்குன்னு தம்பியை எழுத வந்த ஒருத்தரு. டெய்சி எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துச்சு, ஆனா யாருக்கும் கெட்டதை எழுத மனசு வரல, செத்தவங்களைப் பத்தி எப்படி எழுதுறதுன்னு எல்லாரும் குலவிளக்கையும் ஆலமரத்தையுமே எழுதினாங்க. ஒண்ணும் வரல. மாரிக்கனி செத்துப்போன தன் புருசனை எழுத உக்காந்து, குடிப்பான்னு எழுதி அடிச்சு, குடிக்க மாட்டான்னு எழுதி அதையும் அடிச்சு, கடைசியில நாய் தூக்கிட்டுப் போன தன் கோழியைப் பத்தி எழுதினா, அது எப்படி அடுப்புச் சாம்பல்ல குளிக்கும், எப்படி அவ சேலை முந்தியைக் கொத்தும்னு. கோழி வந்துருச்சு. ஊரே போயிப் பாத்துட்டு வந்துச்சு, கோழி முட்டையும் போட்டுச்சு. புருசனைவிட எனக்குக் கோழியைத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்குன்னு மாரிக்கனி சொல்லிட்டு, கோழியைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா.

செண்பகத்துக்கு இப்ப வாய் வந்துருந்துச்சு. அவ பேசுறது அவ வாயில இருந்து வரணும், உங்க வாயில இருந்து வரக் கூடாதுன்னு டெய்சி சொன்னதை வச்சு, குருவம்மா மகளோட பேச்சையெல்லாம் ஞாபகத்துல இருந்து தோண்டித் தோண்டி எழுதியிருந்தா. "இன்னைக்கும் சுரைக்காயா? ஏ குருவம்மா, அந்தக் கொடியை என்னைக்கு வெட்டப் போற?" ன்னு காலையில குரல் கேட்டுச்சுன்னா வீடே நிறைஞ்சு போகும். தெருவுல போறவங்களும் நின்னு கேப்பாங்க. வந்துட்டா பிள்ளைன்னு சொல்லிக்கிட்டாங்க.

ஆனா பகல்ல மதுரை பஸ் ஊருக்குள்ள வந்து ஹாரன் அடிச்சா, செண்பகம் செய்ற வேலையை விட்டுட்டு வாசலுக்கு வருவா. ஒரு காலைத் தூக்கிப் படிக்கு வெளிய வைக்கப் போவா. வைக்க முடியாது. குருவம்மா எழுதினது அம்புட்டுதான், வரி அங்க நின்னு போச்சு. பஸ் போயிரும். காலைத் தூக்கினபடி நின்னுட்டு, உள்ள வந்து உக்காருவா.

"யம்மா, எனக்கு என்னமோ வேணும். என்னன்னுதான் தெரியல."

"முறுக்கு வேணுமாட்டி?"

"முறுக்கு இல்ல."

"தூங்கு சரியாயிரும்."

"தூங்கித்தான எந்திரிச்சேன்," செண்பகம் சொன்னா. தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தா, கையில இருந்து எதையோ யாரோ வாங்கி வச்சிட்டுக் குடுக்க மறந்துட்ட மாதிரி.

குருவம்மாவுக்குத் தெரியாதா என்ன வேணும்னு. பரண்ல இருக்கு. அதை எழுதாம, அவ மீதி எல்லாத்தையும் எழுதினா, நகம் கடிக்கிறதை எழுதினா, தும்முறதை எழுதினா, செருப்புக்கு வார் போட்டதை எழுதினா. டெய்சி படிச்சிட்டு, "எல்லாம் நல்லா இருக்குக்கா," ன்னுச்சு, "ஆனா கதை நகரல. இவளுக்கு என்ன வேணும்? ஒரு ஆளுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சாத்தான் அந்த ஆளு நடக்கும்."

"ஒண்ணும் வேண்டாம் அவளுக்கு."

"அப்ப ஏன் எல்லாப் பக்கத்துலயும் வாசல்ல போயி நிக்கா?"

சுப்பையா ஏதோ சொல்ல வந்தவரு, குருவம்மா முகத்தைப் பாத்துட்டு, பேனாவைத் திறந்து மூடினாரு.

அன்னைக்குக் குருவம்மா வீட்டுக்குப் போயி ஒரு வரி எழுதினா. செண்பகத்துக்கு அம்மாகூட வீட்டிலேயே இருக்கணும்னுதான் ஆசைன்னு எழுதினா. பேனா வழுக்கிட்டுப் போச்சு, பழகின வழிதான. நிமிந்து பாத்தா, எதிரே உக்காந்து சுரைக்காயைத் திட்டிக்கிட்டே நறுக்கிட்டு இருந்த பிள்ளை, அரிவாள்மணையில கையை வச்சபடி நேரா நிமிந்து உக்காந்து, பல்லுத் தெரிய, அந்தப் போஸ்டர் சிரிப்பைச் சிரிச்சுச்சு.

"தாயே," ன்னுச்சு.

குருவம்மா அந்தப் பேப்பரைச் சுருட்டி அடுப்புல போட்டா. போட்ட பிறகும் அந்தச் சிரிப்பு மகளோட முகத்துல இருந்து இறங்கக் கொஞ்ச நேரமாச்சு, அந்தக் கொஞ்ச நேரத்துல, ஒரு வருசத்துல வயசாக வேண்டியதெல்லாம் குருவம்மாவுக்கு ஆயிருச்சு. இன்னொருக்க இந்தப் பிள்ளையைச் சுவர்ல ஒட்டப் பாத்தேனேன்னு தன் வாயில தானே அடிச்சுக்கிட்டா. அப்புறம் சுரைக்காயை மீதியை அவளே நறுக்கி, குழம்பு கூட்டி, மகளைச் சாப்பிட வச்சு, தக்காளியை வாங்கித் தின்னுட்டு, ஒரு துண்டுப் பேப்பரை எடுத்தா.

காய்ச்சலுக்கு முந்தி அம்மாவும் மகளும் போட்ட சண்டையை எழுதினா. அதுல செண்பகம் சொன்ன ஒரு பேச்சை அவ யாருகிட்டயும் சொன்னதில்ல, தனக்குள்ளகூட முழுசாச் சொல்லிப் பாத்ததில்ல, அது வரும்போதெல்லாம் மிஷினை ஓட விட்டுச் சத்தத்துல அமுக்கிருவா. அதை எழுதினா. ஞாயித்துக்கிழமை நூலகத்துல அத்தனை பேருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு வாசிச்சா.

"ஓசூர்ல அப்படி என்னட்டி இருக்குன்னு அம்மா கேட்டா. செண்பகம் பையோட ஜிப்பை இழுத்து மூடினா. ஓசூர்ல நீ இல்லல்ல, அதுதான் இருக்குன்னு சொன்னா."

மாரிக்கனி சேலையை வாயில வச்சுக்கிட்டா. டெய்சி மூக்கைத் துடைச்சுது, அது மூக்கடைப்பு இல்ல.

குருவம்மா பேப்பரைத் தடவிக்கிட்டே சொன்னா, "எம்புட்டு நல்லாச் சொல்லியிருக்கா பாத்தீங்களா டீச்சர். ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியல. நானும் அடிச்சு அடிச்சுப் பாத்தேன்." அவ கண்ணுல தண்ணி ஓடுது, முகம் என்னமோ மலந்துதான் இருக்கு, ரெண்டும் ஒரே முகத்துல எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், சொல்லத் தெரியாது.

சுப்பையா மட்டும் மெல்ல, "ரைட்," ன்னாரு.

அவ வீட்டுக்கு வர்றப்ப செண்பகம் பரண்ல இருந்து பையை இறக்கி, தூசியைத் தட்டி, துணியை உதறி மடிச்சுக்கிட்டு இருந்தா. "இதுக்குள்ள யாரு அந்துருண்டை போட்டது? ஊரு பூராவும் மணக்கப் போறேன்." அப்புறம் சாதாரணமா, "யம்மா, நாளைக்கு மதுரை பஸ்ஸுக்குப் போறேன். மதுரையில மாறிக்கிடுவேன்," ன்னா. குருவம்மா சரின்னா. போன தடவை அவ சரின்னு சொல்லல. இந்தத் தடவை சொன்னது செண்பகத்துக்கே ஆச்சரியமாப் போயி, துணி மடிக்கிறதை நிறுத்திட்டு அம்மாவைப் பாத்தா, "என்ன, சண்டை போடலியா?" ன்னு கேட்டா.

"போட்டாச்சு," குருவம்மா சொன்னா.

மறுநாள் ஊரு பூராவும் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுச்சு, வழியனுப்புறதுக்குன்னு சொல்லாம, ஆளாளுக்கு ஒரு சோலி இருக்கிற மாதிரி. ராஜகனி கட்டுச் சோத்துக்கு நல்ல தாள் ஒண்ணு குடுத்தாரு, வருசப் போஸ்டருக்கு வாங்கின தாளு. மாரிக்கனி, திரும்பி வந்த கோழி போட்ட முட்டையை அவிச்சுக் கொண்டு வந்தா. செண்பகம் ஒத்தைக் கொலுசுச் சத்தத்தோட வந்தவ, மேற்கால சுவரைப் பாத்து நின்னா. பாதி கிழிஞ்ச படம்.

"யாரும்மா இது? எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கா?"

"யாரோ," குருவம்மா சொன்னா. "இந்த ஊரு இல்ல."

செண்பகம் பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் உக்காந்தா. சுப்பையா முன்னால போயி அந்தக் கண்டக்டர் பயகிட்ட, பாத்துக் கூட்டிட்டுப் போ, பெரியார் ஸ்டாண்டுல இறக்கிராத, வெளியூர் பஸ் நிக்கிற மாட்டுத்தாவணியில இறக்கி விடுன்னு என்னவோ சொல்லிக்கிட்டு இருந்தாரு. குருவம்மா கையில கடைசித் துண்டுப் பேப்பரு இருந்துச்சு. பஸ்ஸில் ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதுல அம்புட்டுதான் இருந்துச்சு. அதுக்குக் கீழ கொஞ்சம் வெள்ளை இடம் மிச்சம்.

டெய்சி பக்கத்துல வந்து நின்னுச்சு. எத்தனை சொல்லை அடிச்ச பிள்ளை அது, அன்னைக்குப் பேனாவைத் திறந்து நீட்டுச்சு. "அக்கா. ஒரு வரி எழுதிருங்க. திரும்பிப் பாத்து உங்களுக்குக் கையைக் காட்டினாள்னு. ஒரு வரிதான். யாரு கேக்கப் போறா."

குருவம்மா பேனாவை வாங்கினா. அவளுக்கு இந்த உலகத்துல வேற எதுவும் வேண்டாம், அந்த ஒரு வரி போதும், அது அவ பேனா முனையில வந்து நின்னுட்டும் இருந்துச்சு. பஸ் உறுமுது. பேப்பர்ல மை ஒரு புள்ளி வச்சிருச்சு.

"அவ திரும்பிப் பாக்கிறவ இல்ல டீச்சர்," ன்னு சொல்லி, பேனாவை மூடிக் குடுத்தா.

சுப்பையா கீழ இறங்கி, பழக்கம் விடுமா, பஸ்ஸோட பின் தகரத்துல ரெண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்," ன்னாரு. பஸ் நகந்துச்சு. ஜன்னல்ல செண்பகத்தோட பின்னந்தலை, சடை, சடையில வைக்க மறந்த பூ. திரும்பல. எழுதாதது எப்படி நடக்கும். பஸ் சுவரைத் தாண்டுச்சு, டீக்கடையைத் தாண்டுச்சு, குருவம்மா கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே நிக்கா, வளைவுல பஸ் ஒடிக்கிற நேரம், அந்த ஜன்னல்ல இருந்து ஒரு கை வெளிய வந்துச்சு. கை காட்டவா வந்துச்சு, இல்ல. கை நிறையக் கடலைத் தோலு. எங்க வாங்கினா, எப்ப உரிச்சா, யாருக்குத் தெரியும். தோலை ரோட்டுல கொட்டிட்டு, ரெண்டு தடவை உதறிட்டு, உள்ள போயிருச்சு.

குருவம்மா கையில இருந்த பேப்பரைப் பாத்தா. முன்னால பாத்தா, பின்னால திருப்பிப் பாத்தா.

"டீச்சர்," ன்னா, "அதை நான் எழுதலியே."

பஸ் போன ரோட்டுல கடலைத் தோலு காத்துல உருண்டுக்கிட்டு வந்துச்சு, குருவம்மா குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கி முந்தியில போட்டுக்கிட்டா.